என் லேப்டாப்புக்கு ஏற்ற கேம் சொல்லுங்கள்

வணக்கம் மக்களே. இரவில் ஒரு மணி நேரம்தான் விளையாடக் கிடைக்கிறது. அடுத்து என்ன வாங்கலாம்?

தம்பியின் பிளேஸ்டேஷனில் எல்டன் ரிங் ஆடினேன். தொடக்கத்திலேயே நிற்கும் அந்தத் தங்கக் கவசக் குதிரைவீரனிடம் இருபது முறை செத்தேன். போதும் சாமி! ஹாலோ நைட்டும் கஷ்டம்தான், ஆனால் பிடித்தது. வழி தெரியாமல் அலையும்போது எங்கிருந்தோ ஒரு முனகல் பாட்டு கேட்கும்; அதைப் பின்தொடர்ந்தால் வரைபடம் விற்பவர் உட்கார்ந்திருப்பார். அந்த நிம்மதிக்கே காசு கொடுக்கலாம். ஸ்டார்டியூ வேலியில் விவசாயம் அருமை, மீன்பிடிப்பது எரிச்சல் (திட்டாதீர்கள்).

செலஸ்ட் கேமில் உள்ள மாதிரி ஆட்டத்தின் வேகத்தைக் குறைக்கும் வசதி இருந்தால் நல்லது. 8 ஜிபி ராம், தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது. அப்புறம், ஆயிரம் ரூபாய்க்குள் வேண்டும்.