மறு: முன்மடலை எடுத்தெழுதிப் பதில் சொல்வது – சில சொற்கள்

வணக்கம். மின்மடலில் முன்மடலின் வரிகளை எடுத்துப் போட்டுப் பதில் எழுதும் முறைகளுக்குக் குழுவில் முன்மொழிந்த தமிழ்ச் சொற்கள் பற்றி என் கருத்து இது; ‘>’ குறியிட்டவை முன்மடலின் வரிகள். பதிலை முன்மடலுக்கு மேலே எழுதுவது டாப் போஸ்டிங், கீழே எழுதுவது பாட்டம் போஸ்டிங், வரிகளுக்கு நடுவே எழுதுவது இன்லைன் ரிப்ளை.

> டாப் போஸ்டிங் – தலைகீழ்ப் பதில்
> பாட்டம் போஸ்டிங் – அடிப்பதில்
> இன்லைன் ரிப்ளை – இடைப்பதில்

முதலாவதில் ‘தலைகீழ்’ என்ற திட்டு ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஜிமெயிலும் அவுட்லுக்கும் எழுதும் இடத்தை மேலேயே திறந்து வைக்கின்றன. பழைய மடலை ஜிமெயில் மூன்று புள்ளிக்குள் மடித்தும் விடுகிறது. போனில் படிப்பவருக்கு அதுதான் வசதி. பழக்கம் பிடிக்காவிட்டாலும் கலைச்சொல்லில் கோபம் வேண்டாமே, மேற்பதில் போதும்.

அடிப்பதில் வேண்டவே வேண்டாம். ‘அவருக்கு அடிப்பதில் விருப்பம் அதிகம்’ என்று யாராவது எழுதினால் ஆளைப் பார்த்துப் பயப்படுவோம். கீழ்ப்பதில் என்று வைக்கலாம்.

இடைப்பதில் அருமை. ‘வந்தான் அவ்வூர்க்குப் போன சாத்தன்’ என்று இலக்கணத்தில் இடைப்பிறவரலுக்கு (தொடரின் நடுவே பிற சொற்கள் வருவதற்கு) எடுத்துக்காட்டு படித்திருப்போம். வந்தானுக்கும் சாத்தனுக்கும் நடுவே வேறு சொற்கள் வந்தும் தொடர் உடையவில்லை. முன்மடலின் வரிகளுக்கு நடுவே நம் பதில் நுழைவதும் அப்படித்தான்.

> பதில் தமிழ்ச்சொல் அல்ல. மறுமொழி என்றே ஆளலாம்.

தனியாக நிற்கும்போது மறுமொழி நன்றாகத்தான் இருக்கிறது. மேல்மறுமொழி, கீழ்மறுமொழி என்று இரண்டு நாள் எழுதினால் மூன்றாம் நாள் டாப் போஸ்டிங்குக்கே திரும்பிவிடுவோம்.

> மேற்கோள் என்பது சான்றுக்கு எடுப்பது. இங்கே மறுக்கத்தானே
> எடுக்கிறோம்?

எடுத்துப் போடும் முன்மடல் வரிகளுக்கு மேற்கோள் என்ற பெயர் பற்றிய கேள்வி இது. மறுப்பதற்காக எடுத்தாலும் நாளிதழ்கள் மேற்கோள்குறிதான் போடுகின்றன. சொல் பழகிவிட்டது, அப்படியே இருக்கட்டும்.

எனக்கு அவசரமாகத் தேவைப்படுவது, வேண்டாத வரிகளை வெட்டிவிட்டு எழுதுவதற்கு ஒரு சொல். இணைய நாகரிகம் பற்றி 1995 அக்டோபரில் வந்த ஆர்.எஃப்.சி. 1855 என்ற வழிகாட்டி ஆவணம், பதிலுக்குத் தேவையான அளவு மட்டும் முன்மடலை எடுக்கச் சொல்கிறது. சுருக்கலாம், ஆனால் எழுதியவர் யாரென்று குறிப்பிட வேண்டும் என்கிறது. பழைய இணைய விவாதக் குழுக்களான யூஸ்நெட்டில் சில மென்பொருள்கள், புது எழுத்தைவிட மேற்கோள் அதிகமாக இருந்தால் மடலை ஏற்கவே மறுத்தன. நம் ஆட்கள் மாதிரியே அங்கேயும் ‘>’ குறியை வேறு குறியாக மாற்றி மென்பொருளை ஏமாற்றினார்கள்!

நறுக்கு என்று வைக்கலாமா? ஓலைத் துண்டுக்கும் நறுக்கு என்று பெயர் உண்டு. நீக்கிய இடத்தில் [நறுக்கு] என்று போடலாம். ‘நறுக்கி எழுதுங்கள்’ என்று புதியவருக்குச் சொல்லவும் செய்யலாம்.

நறுக்கும்போது தமிழில் ஓர் ஆபத்து இருக்கிறது. நமக்கு வினை வாக்கியத்தின் கடைசியில் வருகிறது, மறுப்பும் பெரும்பாலும் அங்கேதான். ‘இந்தச் சொல் பொருந்தும் என்று எனக்குத் தோன்றவில்லை’ என்பதில் வாலை வெட்டினால் எழுதியவர் ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும். வேண்டுமென்றே வெட்ட வேண்டும் என்றுகூட இல்லை. நீளமான வரியை மென்பொருள் தானாக மடித்தால் இப்படி ஆகும்:

> இந்தச் சொல் பொருந்தும் என்று எனக்குத்
தோன்றவில்லை.

இரண்டாம் வரியில் குறி இல்லை. படிப்பவர் அதைப் பதில் எழுதியவரின் பேச்சாக எடுத்துக்கொள்வார். அப்புறம் நாலு மடலுக்கு ‘நான் எங்கே அப்படிச் சொன்னேன்’ ஓடும். அதனால் முழு வாக்கியமாகவே நறுக்க வேண்டும், அனுப்புமுன் ‘>’ எல்லா வரியிலும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்பதை வரையறைக் குறிப்பிலேயே சேர்த்துவிடலாம்.

இன்னும் ஒன்று பாக்கி: மேற்கோளுக்கு மேலே வரும் ‘இன்னார் எழுதியது’ என்ற வரி. கூற்றுவரி என்று யோசித்தேன். கூற்றுவன் எட்டிப் பார்க்கிறான். எழுதியோர் வரி என்றால் நீளம். வேறு ஏதாவது தோன்றினால் இந்தப் பத்தியை மட்டும் எடுத்து, கீழே எழுதுங்கள்.