கினெக்ட் கேமராவில் சிலம்ப விளையாட்டு: வழிகாட்டல் தேவை

குழுவினருக்கு வணக்கம். பாளையங்கோட்டையில் சிலம்பம் பயிலும் சிறுவர்களுக்காக, உடலசைவை உணரும் பழைய எக்ஸ்பாக்ஸ் 360 கினெக்ட் கேமராவையும், விளையாட்டு உருவாக்கும் மென்பொருளான யூனிட்டியையும் கொண்டு நானும் நண்பர் ஒருவரும் ஒரு பயிற்சி விளையாட்டை உருவாக்கி வருகிறோம்.

2010இல் வெளிவந்த அந்தக் கருவி, அகச்சிவப்புப் புள்ளிகளை எதிரே வீசி, அவை இடம்பெயரும் அளவிலிருந்து ஆழத்தை (கேமராவிலிருந்து உள்ள தொலைவை) கணித்து, உடலின் 20 மூட்டுகளை நொடிக்கு 30 முறை வரை தருகிறது. நேராக நின்று கை வீசும் வரை குறையில்லை. ஆனால் சிறுவன் சுழன்று முதுகைக் காட்டியதும், அவன் முன்னோக்கியே நிற்பதாகக் கருதி இடக்கையையும் வலக்கையையும் மாற்றிவிடுகிறது. மெல்லிய கம்போ ஆழப்படத்தில் பெரும்பாலும் தென்படுவதே இல்லை. கைகள் மாறுவதை, தோள்களின் முந்தைய திசையை நினைவில் வைத்துத் திருத்துவதுதான் வழக்கமா? இரு மணிக்கட்டுகளையும் இணைக்கும் கோட்டைக் கம்பாகக் கொள்ளலாம் என்றால், ஒற்றைக்கை வீச்சுக்கு என்ன செய்வது?

நடுக்கத்தைக் குறைக்க மூட்டு நிலைகளை மென்மையாக்கினால், வீச்சு முடிந்த பிறகே திரையில் அடி விழுகிறது. பிள்ளைகள் அதை உடனே கண்டுபிடித்துவிடுகிறார்கள். கையின் வேகத்தைக் கொண்டு அடுத்த நிலையை முன்கணிக்கும் முறையைப் பயன்படுத்தியவர்கள் விளக்கினால் பேருதவியாக இருக்கும்.

நெல்லை வெயிலில் திறந்த களத்தில் அகச்சிவப்புப் புள்ளிகள் மங்கிவிடுவதால், சாதாரண வெப்கேமிலேயே 33 உடற்புள்ளிகளைத் தரும் மீடியாபைப் என்ற கூகுள் மென்பொருளுக்கு மாறவும் யோசிக்கிறோம். அதில் ஆழம் அளக்கப்படுவதில்லை, ஊகிக்கப்படுகிறது என்பதே தயக்கம். இரண்டிலும் பணியாற்றியவர்கள், வேகமான சுழற்சிக்கு எது ஏற்றது என்று தெரிவிக்க வேண்டுகிறேன்.