வேலுத்தம்பி பாடம்: கொஞ்சம் உதவுங்கள்

வணக்கம். தக்கலையிலிருந்து எழுதுகிறேன். ஏழாவது, எட்டாவது படிக்கும் வயதில் இரண்டு பிள்ளைகள். பாடம் எல்லாம் வீட்டில்தான். இப்போது வேலுத்தம்பி தளவாய், அதாவது திருவிதாங்கூர் மன்னரின் முதலமைச்சர், பற்றிய பாடம். தலக்குளத்துக்காரர் என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள், பக்கத்து ஊராயிற்றே!

1805 உடன்படிக்கைப்படி திருவிதாங்கூர் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு வருடம் 8 லட்சம் ரூபாய் கட்ட வேண்டியிருந்தது, 1809 ஜனவரியில் அவர் கொல்லம் பக்கத்துக் குண்டறையில் கம்பெனிக்கு எதிராக மக்களைப் போருக்கு அழைத்தார் என்று சொன்னேன். மகள் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, "உடன்படிக்கை நடந்தப்போ அவர்தானே தளவாய்? பிறகு ஏன் எதிர்த்தார்?" என்றாள். அருமையான கேள்வி. ஒரே வரியில் பதில் சொல்லி முடிக்க எனக்கு மனமில்லை.

இந்த வயதுப் பிள்ளைகளுக்கு இதை எப்படி விளக்குவீர்கள்? அப்புறம், கம்பெனிப் படை உடைத்து நுழைந்த ஆரல்வாய்மொழிக்குக் கூட்டிப்போகிறேன். பழைய கோட்டைச் சுவர் எந்தப் பக்கம் மிச்சமிருக்கிறது? தெரிந்தவர்கள் வழி சொல்லுங்கள்.