உயிலில் குழந்தைக்கு கார்டியன் எழுதியவங்க இருக்கீங்களா?

வணக்கம். நாங்க கடலூர் மஞ்சக்குப்பம். ஒரே பொண்ணு, 6 வயசு. போன மாசம் நானும் அவரும் பைக்ல பாண்டியிலிருந்து திரும்பும்போது ஒரு லாரி உரசுற மாதிரி போச்சு. அடி ஒண்ணும் இல்லை. ஆனா அன்னிக்கு ராத்திரி ரெண்டு பேருக்கும் தூக்கமே வரல. நாங்க இல்லாம போனா பாப்பாவை யார் பார்த்துப்பாங்க?

வக்கீலைப் பார்த்தோம். 1956 இந்து மைனர் சட்டப்படி, அப்பா உயிலில் யாரை எழுதினாலும் அவருக்கு அப்புறம் அம்மா இருந்தா அம்மாதான் கார்டியனாம். அம்மாவும் யாரையும் எழுதாம போயிட்டா மட்டும்தான் அப்பா எழுதினது செல்லுமாம். அதனால ரெண்டு பேரும் தனித்தனியா உயில் எழுதி, ஒரே பெயரைப் போடுங்கன்னார். முத்திரைத்தாள் வேண்டாம், 2 சாட்சி போதும், பதிவு கட்டாயம் இல்லை (நாங்க பதிவு பண்ணிடலாம்னு இருக்கோம்).

சிக்கல் வீட்டுக்குள்ளதான். வில்லியனூர்ல இருக்கிற என் தங்கச்சிகிட்ட பாப்பா அப்படி ஒட்டிக்கும். ஆனா இவரோட அண்ணன், "பெரியப்பா நான் இருக்கேன், வெளியில குடுப்பீங்களா?"ன்னு முகம் வாடிட்டார். மாமியாரோ, "விளக்கு வைக்கிற நேரத்துல என்ன பேச்சு இது"ன்னு எழுந்து போயிட்டாங்க.

வளர்க்கறது தங்கச்சி, வீடு, டெபாசிட் எல்லாம் பார்த்துக்கறது இவரோட அண்ணன்னு பிரிச்சு எழுதலாமான்னு யோசனை. அப்படி எழுதினவங்க யாராவது இருக்கீங்களா? ஸ்கூல் ஃபீஸுக்குக் கூட ஒருத்தர் இன்னொருத்தர்கிட்ட கை நீட்டி நிக்கிற நிலைமை வராம வாசகத்தை எப்படிப் போட்டீங்க? பெரியவங்களை எப்படிச் சமாதானப்படுத்தினீங்க?