பல்லிடரா, அடுக்கிடரா?

ஐயா, வணக்கம்.

ஆங்கிலத்தில் 'multi-hazard management' என்பதற்குத் தாங்கள் முன்வைத்த 'பல்லிடர் மேலாண்மை' என்ற சொல்லை இரண்டு நாளாக மனத்தில் போட்டு உருட்டிக்கொண்டிருக்கிறேன். புணர்ச்சியில் குறையில்லை. பல்லுயிர் நிலைத்துவிட்ட பிறகு பல்லிடருக்கு என்ன தடை? என் தயக்கம் பொருளில் இருக்கிறது. இச்சொல் இடர்களை எண்ணுகிறது. அவை கைகோத்து வரும்போது நேர்வதைச் சொல்லவில்லை.

எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்து மணக்குடிப் பொழிமுகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சுசீந்திரம் பக்கத்து வயல்வெளிகளைக் கடந்துவரும் பழையாறு அங்கேதான் கடலில் சேர்கிறது. மழையில் ஆறு பெருகிய அதே நாளில் கடலும் ஏறி நின்றால் வெள்ளம் எங்கே வடியும்? வந்த வழியே எதிர்த்து ஏறி, வயலிலும் வீட்டிலும் நிற்கும். ஆற்றுக்கு ஓர் எச்சரிக்கை, கடலுக்கு ஓர் எச்சரிக்கை எனத் தனித்தனியே வந்தால், இரண்டையும் சிறியவை என்று கடந்துவிடுவோம். சேர்த்துப் பார்ப்பவருக்குத்தான் ஆபத்து தெரியும்.

2017 நவம்பர் 30ஆம் தேதியை இந்த மாவட்டத்தில் யாரும் மறக்கவில்லை. முந்தைய நாள் தாழ்வு மண்டலமாக இருந்தது, மறுநாள் ஒக்கிப் புயலாகிவிட்டது. ஆழ்கடலுக்குப் போயிருந்த விசைப்படகுகள் அங்கே. இங்கே மலையோரத்தில் ரப்பரும் வாழையும் முறிந்து கிடந்தன, மின்கம்பங்கள் சாய்ந்தன, மழை கொட்டியது. மின்சாரம் போனதால் கைபேசிகளும் அணைந்தன. கடலில் இருப்பவர்களைப் பற்றிய செய்தி கரைக்கு வர வேண்டிய நேரத்தில் கரையே இருளில் கிடந்தது. இதைக் காற்று, மழை, கடல் என்று மூன்று பத்திகளில் பிரித்து எழுதினால் நடந்ததை எழுதியதாகுமா?

'Multi-hazard' என்பதற்கு ஐ.நா. தரும் வரையறையே இரண்டு பகுதி உடையது. ஒரு நாடு எதிர்கொள்ளும் முதன்மையான ஆபத்துகள் பல என்பது முதற்பகுதி. அவை ஒரே நேரத்திலோ, ஒன்றால் ஒன்று தூண்டப்பட்டோ, காலப்போக்கில் குவிந்தோ வரலாம், அவற்றின் விளைவுகள் பின்னிப்பிணைந்திருக்கலாம் என்பது இரண்டாம் பகுதி. தங்கள் சொல் முதற்பகுதிக்கு நன்றாகப் பொருந்துகிறது. இரண்டாவதற்கு 'அடுக்கிடர்' என்று முன்மொழிகிறேன். 'பட்ட காலிலே படும்' என்று நம் மக்கள் சொல்வது இதைத்தானே?

வேறு சொற்களையும் முயன்று பார்த்தேன். 'கூட்டிடர்' பலர் கூடிச் சுமக்கும் இடர் என்று கூட்டுறவுச் சங்கத்துப் பொருளைத் தருகிறது. 'பிணையிடர்' என்றால் வங்கிக்காரர் ஜாமீனை நினைப்பார். 'தொடரிடர்' அழகான சொல். ஒன்று மற்றொன்றைத் தூண்டும் வகைக்கு, அதாவது மழையால் மலைச்சரிவு, சரிவால் ஓடை அடைப்பு என்பதற்கு, அதைத் தனியே வைத்துக்கொள்ளலாம்.

இன்னொரு சிக்கல் இதைவிட ஆழமானது. ஆபத்தான நிகழ்வுக்கும் அதனால் இழப்பு நேரும் வாய்ப்புக்கும் 'இடர்' என்ற ஒரே சொல்லைப் புழங்குகிறோம். நிகழ்வுக்கு 'ஊறு' என்ற பழஞ்சொல்லை மீட்கலாமா? வினைத்திட்பம் அதிகாரத்தில் வள்ளுவர் 'ஊறொரால், உற்றபின் ஒல்காமை' என்கிறார். வருமுன் விலக்குவதும் வந்தபின் தளராமையும்: நாம் மேலாண்மை என்று பேசுவது முழுவதும் அந்த மூன்று சீர்களில் இருக்கிறது. கடல் ஏறுவது ஊறு. ஆளில்லாத பாறைக்கரையில் ஏறினால் இடரில்லை. அலை தொடும் தூரத்தில் வீடுகள் நெருங்கிய இடத்தில் ஏறினால் இடர். இந்த வேறுபாடு தெளிந்தால்தான் வீட்டை எங்கே கட்டுவது, யாரை முதலில் வெளியேற்றுவது என்ற பேச்சே தொடங்கும்.

புதிய சொல் வழக்கில் நிலைக்குமா என்ற கவலை எனக்கில்லை. தெற்கே தொலைதூரப் பெருங்கடலில் எழும் பேரலைகள், இங்கே காற்றே இல்லாத நாளில் திருடனைப்போல் கரையேறுவதைக் கேரளக் கரையிலும் நம் கரையிலும் மீனவர்கள் 'கள்ளக்கடல்' என்றார்கள். 2012இல் யுனெஸ்கோ அதையே அறிவியல் சொல்லாக ஏற்றது. கண்ணால் கண்டவர்கள் வைத்த பெயர் அது.

கடலோர ஊர்களுக்கான கையேட்டை இம்மாத இறுதிக்குள் முடிக்க வேண்டும். அதில் ஊறு, இடர், அடுக்கிடர், தொடரிடர் என்ற நான்கையும் இப்பொருள்களில் எழுதியிருக்கிறேன். 'ஊறு' இன்றைய வாசகருக்கு விளங்குமா என்பதில் மட்டும் தங்கள் கருத்து வேண்டும். விளங்காது என்றால் அங்கே 'ஆபத்து' என்றே விட்டுவிடுகிறேன். அடுக்கிடரை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை.