டிராயிங் முடிந்த பிறகு பூர்வகுடி மக்களிடம் கருத்துக் கேட்டால் அது கூட்டு வேலையா?

மூலைமட்டம் (கேள்வி):
ஆர்கிடெக்டாக வேலைக்குச் சேர்ந்து ஐந்து வருடம் ஆகிறது. பூர்வகுடி மக்கள் வாழும் ஒரு குடியிருப்பில் சமுதாயக் கூடமும் முப்பது வீடுகளும் கட்டும் வேலை எங்கள் அலுவலகத்துக்கு வந்திருக்கிறது. டிராயிங் ஏறக்குறைய முடிந்த பிறகுதான் என்னை அங்கே அனுப்பினார்கள். மாடலை மேசையில் வைத்து ஒரு மணி நேரம் விளக்கினேன், யாரும் எதுவும் சொல்லவில்லை, கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். கிளம்பும்போது ஒரு பாட்டி மட்டும் மாடலில் இருந்த வீட்டின் பின்சுவரை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "இந்தப் பக்கம் கதவு இல்லையா?" என்று கேட்டார். செலவைக் குறைக்க ஒரே கதவுதான் வைத்திருந்தோம். என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

மேலதிகாரியைப் பொறுத்தவரை கலந்தாலோசனை முடிந்தது, கையெழுத்து இருக்கிறது. முகப்பில் அவர்களுடைய பாரம்பரியக் கோலங்களைப் பதித்துவிட்டால் போதும் என்கிறார். எனக்கு மனசு ஒப்பவில்லை. இந்தக் கட்டத்தில் என்ன செய்யலாம்?

ரசமட்டம்:
முதலில், அந்தப் பாட்டி கேட்டதை விட்டுவிடாதீர்கள். உங்கள் மீட்டிங்கில் நடந்த ஒரே உண்மையான பேச்சு அதுதான். உங்கள் ஊர் மக்கள் ஏன் பின்கதவு கேட்கிறார்கள் என்று இங்கே உட்கார்ந்துகொண்டு நான் ஊகிக்க முடியாது. ஆனால் ஆஸ்திரேலியாவில் பல பூர்வகுடிச் சமூகங்களில் மாமியாரும் மருமகனும் நேருக்கு நேர் வரக் கூடாது. ஒரே கதவு இருந்தால் ஒருவர் உள்ளே வரும்போது இன்னொருவர் வெளியேற வழியில்லாமல் மாட்டிக்கொள்வார். நமக்குச் செலவுக் கணக்காகத் தெரிவது அங்கே உறவுமுறை. இதெல்லாம் கேள்வித்தாள் கொடுத்தால் வராது, பழகினால்தான் வரும்.

அப்புறம் அந்தக் கையெழுத்து. பூர்வகுடி மக்களின் உரிமைகள் பற்றிய ஐ.நா. பிரகடனம் 2007-ல் வந்தது. கட்டாயப்படுத்தாமல் பெற்ற, முன்கூட்டிய, விவரம் அறிந்த ஒப்புதல் வேண்டும் என்கிறது அது. இதில் 'முன்கூட்டிய' என்ற சொல்லைத்தான் எல்லா அலுவலகமும் தாண்டிப் போய்விடுகிறது. வேண்டாம் என்று சொல்ல இடமே இல்லாத நேரத்தில் வாங்கிய கையெழுத்து ஒப்புதல் ஆகாது, வருகைப் பதிவேடு அவ்வளவுதான்.

இன்னொன்று சொல்கிறேன், கொஞ்சம் நீளும். 1985-ல் தெற்கு ஆஸ்திரேலியாவில், பூர்வகுடியினர் தாங்களே நடத்திய ஒரு மருத்துவ அமைப்பின் இயக்குநர் யாமி லெஸ்டர், ஒரு மருத்துவர், ஒரு சுகாதாரப் பணியாளர், பால் ஃபோலரோஸ் என்ற ஆர்கிடெக்ட் ஆகிய மூவரை அழைத்து, என் மக்கள் நோயில் விழுவதை நிறுத்த வழி சொல்லுங்கள் என்று கேட்டார். வேலையைக் கொடுத்தவர் அவர், இவர்கள் அவர் கூப்பிட்டுப் போனவர்கள். அதிலிருந்து வளர்ந்த வேலையில் ஒரு விதி உண்டு: வெறும் கணக்கெடுப்புக்காக யார் வீட்டுக்குள்ளும் நுழையக் கூடாது, கையில் கருவிகளோடு போய் முதல் நாளே எதையாவது சரிசெய்துவிட்டுத்தான் வர வேண்டும். குழுவில் பெரும்பாலோர் உள்ளூர்ப் பூர்வகுடியினர். குடியிருப்பவர்கள்தான் வீட்டைப் பாழாக்குகிறார்கள் என்று அதிகாரிகள் பேசிக்கொண்டிருந்தபோது, இவர்கள் ஆயிரக்கணக்கான வீடுகளில் ஒவ்வொரு குழாயாக, ஒவ்வொரு சுவிட்சாகப் பார்த்துக் கணக்கெடுத்தார்கள். பழுதில் சுமார் 70 சதவீதம் பராமரிப்பு இல்லாததால், 21 சதவீதம் மோசமான கட்டுமானத்தால். குடியிருப்பவர்கள் உடைத்தது வெறும் 9 சதவீதம். ஆகவே சாவி கொடுத்த பிறகு குழாயை யார் ரிப்பேர் செய்வார்கள், பணம் எங்கிருந்து வரும் என்பதை இப்போதே ஒப்பந்தத்தில் எழுதுங்கள்.

தூக்குக்குண்டு:
கோலம் பதிக்கிற யோசனையை உடனே நிறுத்துங்கள். அந்த வடிவங்கள் யாருடையவை, எந்தக் குடும்பம் வரையலாம், பொதுச்சுவரில் போடலாமா என்று தெரியாமல் எடுப்பது, கேட்காமல் எடுப்பதுதான்.

கனடாவின் வான்கூவரில் செனாக் திட்டத்தைப் பாருங்கள். 1913-ல் ஸ்குவாமிஷ் என்ற பூர்வகுடி மக்களைப் படகில் ஏற்றி வெளியேற்றி, அவர்கள் வீடுகளைக் கொளுத்திய இடம் அது. நீண்ட வழக்குக்குப் பின் 2003-ல் சுமார் 10 ஏக்கர் திரும்பக் கிடைத்தது. 2019-ல் தங்களுக்குள் வாக்கெடுப்பு வைத்து, 87 சதவீத ஆதரவோடு, அங்கே 11 கோபுரங்களில் சுமார் 6,000 வீடுகள் கட்ட முடிவெடுத்தார்கள். அடுக்குமாடி எப்படிப் பூர்வகுடிக் கட்டடம் ஆகும் என்று கேட்டவர்கள் உண்டு. நிலம் அவர்களுடையது, முடிவும் அவர்களுடையது, வேறென்ன வேண்டும்? நியூசிலாந்தில் தூஹோயே என்ற மாவோரி பூர்வகுடி மக்கள் 2014-ல் திறந்த தலைமையகத்தில் மண் கற்களை அவர்களே கையால் செய்தார்கள். இரண்டு கட்டடத்துக்கும் தோற்றத்தில் ஒட்டே கிடையாது, இரண்டையும் எனக்குப் பிடிக்கும்.

ரசமட்டம் சொன்னதில் ஒன்றைச் சேர்க்கணும். ஊர் என்றால் ஒரே குரல் இல்லை. பெரியவர்களுக்கு ஒன்று வேண்டும், இளைஞர்களுக்கு வேறு வேண்டும், பெண்கள் பொதுக் கூட்டத்தில் வாயே திறக்காமல் இருக்கலாம். அவர்கள் பேசித் தீர்க்க நேரம் விடுங்கள், நடுவில் புகுந்து நாட்டாமை செய்யாதீர்கள். வழிகாட்டுபவர்களுக்கு ஆலோசகர் கட்டணம் கொடுங்கள். ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியருக்குக் கொடுக்கிறோமே, இவர்களுக்கு மட்டும் ஏன் டீயும் பிஸ்கட்டும்?

மூலைமட்டம்:
இருவருக்கும் நன்றி. மேலதிகாரியிடம் பேசினேன், நன்றாகவே திட்டு வாங்கினேன். ஆனாலும் இரண்டு மாத அவகாசம் கிடைத்தது. ஊர்க்காரர்கள் தேர்ந்தெடுக்கும் நான்கு பேருக்குக் கட்டணம் கொடுக்கவும் சம்மதித்தார். முகப்பு வேலை இப்போதைக்கு இல்லை. பராமரிப்பு பற்றி இன்னும் இழுத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள், அதை விடப் போவதில்லை.

போன வாரம் மாடல் இல்லாமல் போய் மூன்று நாள் தங்கினேன். பாட்டியிடம் பின்கதவு எதற்கு என்று கேட்டேன். "அது உனக்குச் சொல்ற விஷயமில்லை கண்ணு" என்றார். சரி என்று முப்பது வீட்டுக்கும் பின்கதவை வரைந்துவிட்டேன். காரணம் என்ற இடத்தில் 'குடியிருப்பவர்கள் கேட்டது' என்று மட்டும் எழுதியிருக்கிறேன்.