நீண்ட உரையில் குரலும் வாயசைவும் விலகுகின்றன, உதவி தேவை

கேள்வி (வெள்ளவத்தை, கொழும்பு):
வணக்கம். ஓய்வுபெற்ற மெய்யியல் விரிவுரையாளர் ஒருவர் இங்கே ஒரு மண்டபத்தில் வாழ்வு, சாவு, நட்பு பற்றித் தொடர் உரை நிகழ்த்துகிறார். நான் படமெடுக்கிறேன். படம் போனில், குரல் சட்டையில் குத்தும் மைக் வழியாகத் தனி ரெக்கோடரில். தொடக்கத்தில் கைதட்டிப் பொருத்திய இடம் சரி. போகப்போகக் குரல் பிந்துகிறது. ஒரு மணி நேரம் தாண்டி "உறங்குவது போலும் சாக்காடு" என்று குறளைச் சொல்லி அவர் வாயை மூடிய பிறகுதான் "சாக்காடு" காதில் விழுகிறது! போதாததற்குப் பின்சுவரில் கறுப்புப் பட்டைகள் வேறு ஓடுகின்றன.

மறுமொழி 1:
கொஞ்சம் கொஞ்சமாகத்தானே விலகுகிறது? அப்படியென்றால் முதல் சந்தேகம் போன்மேல்தான். பல போன்கள் வெளிச்சத்துக்கேற்ப ஃபிரேம் வேகத்தை, அதாவது வினாடிக்கு எத்தனை படம் என்பதை, கூட்டிக் குறைக்கும், எடிட் மென்பொருளோ அது சீரானது என்று நினைத்து அடுக்கும். ஹேண்ட்பிரேக் என்று வீடியோ மாற்றும் மென்பொருள் ஒன்று இருக்கிறது, இலவசம். அதில் 'கொன்ஸ்டன்ட் ஃபிரேம்ரேட்' (மாறாத ஃபிரேம் வேகம்) கொடுத்துப் பிரதி எடுத்து, அதை எடிட் செய்யுங்கள். மூலக் கோப்பை அழிக்க வேண்டாம். ரெக்கோடரின் 'சாம்பிள் ரேட்'டை, வீடியோவுக்கு வழக்கமான 48 கிலோஹேர்ட்ஸில் வையுங்கள்.

பட்டைகளுக்குக் காரணம் விளக்கு. நம் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், அதனால் குழல்விளக்கு வினாடிக்கு 100 தடவை மினுங்கும். ஷட்டரை 1/50 அல்லது 1/100 வினாடியிலும், ஃபிரேமை வினாடிக்கு 25 இலும் வையுங்கள். போனின் சொந்தச் செயலியில் இந்த வசதி இல்லாவிட்டால் பிளக்மேஜிக் கமரா செயலி இருக்கிறது, அதுவும் இலவசம்.

கேட்டவர்:
நன்றி அண்ணா. மாற்றிப் பார்த்தேன், பெரிய விலகல் போய்விட்டது. கடைசியில் மட்டும் ஒரு சின்னப் பிசகு.

மறுமொழி 2:
அது இரண்டு கருவிகளின் கடிகாரமும் ஒத்துப்போகாததால் வருவது. பத்து இலட்சத்தில் 50 பங்கு வித்தியாசம் இருந்தாலே மணிக்கு 0.18 வினாடி, 25 ஃபிரேமில் நாலரை ஃபிரேம். இனி உரை முடிந்ததும் ஒரு தடவை கைதட்டுங்கள். இரண்டு தட்டலுக்கும் நடுவே உள்ள ஒலியைப் படத்தின் நீளத்துக்குச் சுருக்கினால் சரி. இந்த உரைக்கு இரண்டாம் தட்டல் இல்லையே, அவர் பேசாமல் நிற்கும் இடங்களில் ஒலியைச் சற்று முன்னே நகர்த்துங்கள். அதற்காக அந்த இடைவெளிகளை வெட்டி எறிந்துவிடாதீர்கள். சாவைப் பற்றிக் கதைக்கிறவர் நாலு வினாடி யோசித்தால் அதுவும் உரையில் சேர்த்திதான். இப்போது எல்லோரும் மூச்சு விடக்கூட இடம் வைக்காமல் வெட்டுகிறார்கள், எனக்குப் பிடிப்பதில்லை.

கேட்டவர்:
வெட்டமாட்டேன் ஐயா. சபையில் இருந்து வரும் கேள்விகள் ஒன்றும் கேட்கவில்லையே? மேலே ஃபேன், வெளியே கோச்சி (ரயில்) சத்தம்.

மறுமொழி 3:
கையில் பிடிக்கும் மைக் ஒன்றைச் சபைக்குள் சுற்றவிடுங்கள். முடியாவிட்டால் கேள்வியைத் திருப்பிச் சொல்லிவிட்டுப் பதில் தரும்படி விரிவுரையாளரிடம் கேளுங்கள். எனக்கு இரண்டாவதுதான் விருப்பம் தம்பி. இப்படிப்பட்ட உரையில் சிலர் தங்கள் வீட்டுச் சாவைச் சொல்லி அழுதுவிடுவார்கள். கமராவைச் சபைப் பக்கம் திருப்பாதீர்கள். அவர்களுடைய குரலைச் சேர்ப்பதென்றாலும் கூட்டம் கலைய முன் சம்மதம் கேட்டு வையுங்கள்.